சூத்திர அட்டையைக் கிழித்துப் போடுங்கள்

“சைன் ஸ்கொயர் தீட்டா பிளஸ் காஸ் ஸ்கொயர் தீட்டா ஈக்குவல் டு ஒன். இதைப் படிச்சு என்னத்தைக் கண்டோம்? மளிகைக் கடையில கேட்டாங்களா, பேங்க்ல கேட்டாங்களா?” கல்யாணப் பந்தியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தக் கேள்வி வந்து விழுந்தால் சிரிக்காத ஆள் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் பொறியியல் பட்டதாரியாக இருப்பார் என்பது தனி வேடிக்கை.

கேலியோடு நின்றிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இப்போது அது பாடத்திட்டக் கொள்கையாகவே ஆகிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022இல் என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களில் கத்திரி வைத்தது. பதினொன்றாம் வகுப்புக் கணித நூலில் ‘முக்கோணவியல் சமன்பாடுகள்’ என்ற பகுதி முழுதாகப் போய்விட்டது. முற்றொருமைகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. கூட்டல் சூத்திரம் உண்டு, இருமடங்குக் கோணம் உண்டு, மும்மடங்குக் கோணம் உண்டு. அவற்றுக்குப் பின்னால் ‘நிறுவுக’, ‘நிறுவுக’ என்று வரிசை கட்டி நிற்கும் கணக்குகளும் உண்டு. இத்தனையையும் வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது என்று சொல்லும் இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்தப் பகுதி இருக்கிறது. “சென்ட்ரல்லயே எடுத்துட்டாங்க, நமக்கு எதுக்கு?” என்ற குரல் இங்கே எழ நாளாகாது.

இந்த வெட்டை ஆதரிப்பவர்கள் சொல்வது தெரிந்ததுதான்: எல்லாம் மனப்பாடம், கம்ப்யூட்டர் செய்துவிடும், வாழ்க்கைக்கு உதவாது. எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் கோச்சிங் ஆசாமிகள். லேமினேட் செய்த சூத்திர அட்டை ஒன்றைப் பையன் கையில் கொடுத்து, “இதை நெட்டுருப் போடு, மார்க் தானா வரும்” என்பார்கள். இந்த இரு தரப்பும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டாலும், முக்கோணவியல் என்பது அந்த அட்டையில் இருப்பதுதான் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது. ஒருவர் அதைத் தூக்கி எறியச் சொல்கிறார், மற்றவர் விழுங்கச் சொல்கிறார். நான் மறுப்பது இருவருக்கும் பொதுவான அந்த எண்ணத்தை. முற்றொருமை உண்டானதே தெரிந்த கோணத்திலிருந்து தெரியாததைப் பிடிப்பதற்காக. பிடிக்கும் வேலையைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது மனப்பாடம்தான். அப்படி ஆக்கிவிட்டு, “பாருங்கள், எல்லாம் மனப்பாடம்” என்று புகார் சொல்வது, கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு நீந்தத் தெரியவில்லை என்று குறை சொல்வதற்குச் சமம்.

முற்றொருமை எந்தக் கோணத்துக்கும் உண்மை. சமன்பாடு சில கோணங்களுக்கு மட்டும் உண்மை. எப்போதும் உண்மையாக இருப்பதைக் கொண்டு, எப்போதாவது உண்மையாக இருப்பதை வளைத்துப் பிடிப்பதுதான் இந்தப் பாடத்தின் வேலை. ‘நிறுவுக’ கணக்கில் பிடிக்க எதுவும் இல்லை. போய்ச் சேர வேண்டிய ஊர் கேள்வியிலேயே அச்சாகியிருக்கிறது. எல்.எச்.எஸ்.ஸிலிருந்து நாலு வரி, ஆர்.எச்.எஸ்.ஸிலிருந்து நாலு வரி, நடுவில் எங்கேயோ இரண்டையும் முட்டவிட்டு ‘ஆகவே நிரூபிக்கப்பட்டது’ என்று கோடு போட்டால் ஐந்து மதிப்பெண். நடுவில் ஒரு வரி உதைத்தாலும் திருத்துபவர் கண்ணில் படாமல் போக வாய்ப்பு உண்டு. இது எல்லா மாணவர்களுக்கும் தெரிந்த ரகசியம். இந்தப் பகுதியை ஒருவர் வெறுத்தால் நான் அவரோடு சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் வெட்டும்போது இதை விட்டுவைத்துவிட்டு அடுத்த பக்கத்தை அல்லவா வெட்டியிருக்கிறார்கள்!

மனப்பாடக் குற்றச்சாட்டுக்கு வருவோம். முற்றொருமைகள் எதற்காக உண்டாயின என்று பார்த்தால் கதை நேர் தலைகீழாக இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, வானியல் கணக்குகளுக்காக அரை டிகிரியிலிருந்து 180 டிகிரி வரை, அரை டிகிரிக்கு ஒன்றாக 360 நாண்களின் நீளத்தை அட்டவணை போட்டார். முந்நூற்று அறுபதையும் அவர் அளந்து பார்க்கவில்லை. 72 டிகிரி நாண் ஒழுங்கு ஐங்கோணத்தின் பக்கம், 60 டிகிரி நாண் அறுகோணத்தின் பக்கம். இரண்டும் வடிவியலிலேயே கிடைத்துவிடும். கோண வித்தியாசத்துக்கான சூத்திரத்தைப் போட்டால் 12 டிகிரி வந்துவிடும். பாதிக் கோணத்துக்கான சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் 6, 3, 1½, ¾ என்று இறங்கிக்கொண்டே போகலாம். இன்று நம் பாடநூலில் இருக்கும் அதே சூத்திரங்கள்தான். அவர் வட்டத்துக்குள் வரைந்த நாற்கரத்தின் வழியாக வந்தார், அவ்வளவே. நம் பக்கத்தில் ஆரியபட்டர் 3¾ டிகிரிக்கு ஒன்றாக 24 மதிப்புகளை வைத்துக்கொண்டார். பதினான்காம் நூற்றாண்டுக் கேரளத்தின் சங்கமகிராம மாதவன் பெயரில் வழங்கும் விதி, இரண்டு கோணங்களின் சைன் தெரிந்தால் அவற்றின் கூட்டுத்தொகைக்கும் வித்தியாசத்துக்கும் சைன் கண்டுபிடித்துத் தருகிறது. தலையில் சுமக்க வேண்டியதைக் குறைக்கத்தான் இவர்கள் எல்லாரும் முற்றொருமையைத் தேடிப் போனார்கள். அதையே சுமையாக்கிய பெருமை நம் காலத்தைச் சேரும்.

தாலமிக்கு ஓரிடத்தில் முட்டியது. ஒன்றரை கிடைத்தது, முக்கால் கிடைத்தது, ஒன்று கிடைக்கவில்லை. 3 டிகிரியை மூன்று பங்காக்க வேண்டும். பாதியாக்கும் சூத்திரம் அதற்கு உதவாது. முக்காலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நெருக்கிப் பிடித்து, ஏறத்தாழச் சரியான ஒரு மதிப்போடு அவர் நிறுத்திக்கொண்டார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, சமர்கந்தின் ஆட்சியாளர் உலுக் பெக்கின் வானியலாளர்களில் ஒருவரான அல்-காஷி அந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் எடுத்தது மும்மடங்குக் கோண முற்றொருமை: சைன் 3அ = 3 சைன் அ − 4 சைன்³ அ. இதில் அ என்ற இடத்தில் 1 டிகிரியைப் போடுங்கள். சைன் 3° தெரியும். சைன் 1° தெரியாது. அதை ‘க’ என்று வைப்போம். 3க − 4க³ = சைன் 3°. முற்றொருமை இப்போது சமன்பாடாகிவிட்டது. அதைக் கொஞ்சம் திருப்பி எழுதினால் க = (சைன் 3° + 4க³) ÷ 3.

வலப்பக்கத்திலும் க இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். க மிகச் சிறிய எண். அதன் கனம் இன்னும் சிறியது. முதலில் அதை விட்டுவிட்டு, சைன் 3°இன் மதிப்பான 0.0523359562ஐ மூன்றால் வகுத்தால் 0.0174453187. இதை வலப்பக்கத்துக் க-வில் போட்டால் 0.0174523978. அதை மறுபடி வலப்பக்கத்தில் போட்டால் 0.0174524064. பத்துத் தசம இடங்களுக்கு இதுதான் சைன் 1 டிகிரி. இரண்டே சுற்று. அல்-காஷி இதை அறுபதின்கூறு முறையில், இதைவிட நுணுக்கமாகச் செய்தார். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில், பள்ளிக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, பதினொன்றாம் வகுப்பு மாணவி இதைச் செய்து பார்த்துவிடலாம். மும்மடங்குச் சூத்திரத்தை அட்டையில் பார்த்து எரிச்சலடைந்த அதே மாணவிதான்.

“சரி, ஆனாலும் நாற்பது சூத்திரம் இருக்கிறதே?” இருப்பது ஒன்று. அதை நிறுவ நாலு வரி போதும். ஆரம் ஒன்றாக உள்ள வட்டத்தில் அ என்ற கோணத்தில் ஒரு புள்ளி, ஆ என்ற கோணத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தின் வர்க்கம், பிதாகரஸ் தேற்றப்படி, 2 − 2(காஸ் அ காஸ் ஆ + சைன் அ சைன் ஆ). இப்போது வட்டத்தையே திருப்பி, இரண்டாம் புள்ளியைப் பூஜ்ய டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். முதல் புள்ளி (அ − ஆ) என்ற கோணத்துக்குப் போய்விடும். தூரத்தின் வர்க்கம் 2 − 2 காஸ்(அ − ஆ). வட்டம் சுழன்றால் தூரம் மாறாது. ஆகவே காஸ்(அ − ஆ) = காஸ் அ காஸ் ஆ + சைன் அ சைன் ஆ. இதில் ஆ-வின் குறியை மாற்றினால் கூட்டல் சூத்திரம். இரண்டு கோணங்களையும் சமமாக்கினால் இருமடங்கு. இரண்டு சூத்திரங்களைக் கூட்டிக் கழித்தால், பெருக்கலைக் கூட்டலாக்கும் சூத்திரங்கள். விடைத்தாளின் ஓரத்தில் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறவற்றை அட்டையில் அச்சடித்து விற்பவர்களைச் சொல்ல வேண்டும். வாங்கிக்கொடுக்கும் பெற்றோரையும்தான்.

இனி அந்த அட்டையே கைவிட்டுவிடும் இடத்துக்குப் போவோம். சைன் 2அ = சைன் அ. 0 டிகிரியிலிருந்து 360 டிகிரிக்குள், 360ஐச் சேர்க்காமல், எல்லாத் தீர்வுகளையும் காண வேண்டும். அட்டையை விழுங்கிய பையன் சட்டென்று விரிப்பான்: 2 சைன் அ காஸ் அ = சைன் அ. இரண்டு பக்கமும் சைன் அ இருக்கிறது, கோடு போட்டு அடிப்பான். காஸ் அ = ½. விடை 60°, 300°. அடிக்கோடு. சூத்திரம் சரி, கூட்டல் கழித்தல் சரி, விடை பாதி. 0 டிகிரியைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யம். 180ஐப் போட்டாலும் அப்படியே. அவன் அடித்தானே, அந்த சைன் அ பூஜ்யமாக இருக்கும் இடங்கள் இவை. பூஜ்யத்தால் வகுத்து, இரண்டு தீர்வுகளைக் குப்பையில் போட்டுவிட்டான். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து சைன் அ (2 காஸ் அ − 1) = 0 என்று காரணிப்படுத்தியிருந்தால் நாலும் தப்பித்திருக்கும்.

அடுத்தது இதற்கு நேர் எதிர்வகை. சைன் அ + காஸ் அ = 1. வர்க்கப்படுத்தினால் 1 + சைன் 2அ = 1 என்று அழகாக வந்து நிற்கும். சைன் 2அ = 0. தீர்வுகள் 0°, 90°, 180°, 270°. மூலக் கணக்கில் 180ஐப் போட்டால் 0 + (−1). ஒன்று வரவில்லை, மைனஸ் ஒன்று வருகிறது. 270உம் அப்படித்தான். வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோனதால், −1க்கான தீர்வுகளும் சத்தம் போடாமல் உள்ளே நுழைந்துவிட்டன. முதல் கணக்கில் வீட்டுக்காரர் வெளியே போனார், இதில் வெளியாள் உள்ளே வந்துவிட்டார். ஒவ்வொரு வரியிலும் “இந்த வரிக்கும் முந்தைய வரிக்கும் தீர்வுகள் ஒன்றேதானா?” என்று கேட்டிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. அந்தக் கேள்வியை எந்த அட்டையிலும் அச்சடிக்க முடியாது. ‘நிறுவுக’ கணக்குகளும் அதைக் கற்றுத்தருவதில்லை. வழக்கமாக அங்கே தொலையவோ நுழையவோ எந்தத் தீர்வும் இல்லை.

இதே கணக்குக்கு இன்னொரு வழியும் உண்டு. இடப்பக்கத்தை √2 சைன்(அ + 45°) என்று ஒரே அலையாக்கிவிட்டால் அ + 45° என்பது 45° அல்லது 135°. தீர்வு 0°, 90°. சோதிக்க வேண்டிய போலிகள் கிடையாது. எந்த முற்றொருமை தெரியும் என்பதைவிட, இந்தக் கணக்குக்கு எந்த முற்றொருமை என்பதில்தான் படிப்பு இருக்கிறது. இந்த இரண்டாம் வழி பழகியவரிடம் 3 சைன் அ + 4 காஸ் அ = 6 என்று கொடுத்தால் பேனாவை மூடிவைத்துவிடுவார். ஏனென்றால் இடப்பக்கம் 5ஐத் தாண்டவே தாண்டாது. வர்க்கப்படுத்திப் பழகியவர் ஒரு பக்கம் எழுதி, கடைசியில் மைனஸ் எண்ணின் வர்க்கமூலத்தில் மாட்டிக்கொண்டு, எங்கே தப்பு விட்டோம் என்று திரும்பத் தேடுவார். தப்பு எங்கும் இல்லை. அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை.

கோச்சிங் மையங்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன. விடைகள் நாலு கொடுக்கப்பட்டிருக்கும் அல்லவா? ஒவ்வொன்றையும் சமன்பாட்டில் போட்டுப் பார், பொருந்துவதை டிக் அடி. தேர்வறையில் இது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தேடும் கணக்கு சரிபார்க்கும் கணக்காகிவிட்டது. விடை எத்தனை என்று தெரியாத இடத்தில், இந்தக் குறுக்குவழிக்காரர் முதல் விடையோடு வீட்டுக்குப் போய்விடுவார். வெளி உலகில் எந்தச் சமன்பாடும் அடியில் நாலு விடைகளைக் கட்டிக்கொண்டு வருவதில்லை.

“கம்ப்யூட்டர் செய்துவிடுமே?” இதற்குப் பதில் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இருக்கிறது. தினமும் சூரிய உதயம், அஸ்தமனம் என்று நேரம் போட்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு அடிப்படை ஒரு முக்கோணவியல் சமன்பாடு. ஓர் ஊரின் அட்சரேகை ப. சூரியன் அன்று பூமத்திய ரேகைக்கு வடக்கிலோ தெற்கிலோ நிற்கும் கோணம் ச. நண்பகலிலிருந்து அது நகர்ந்திருக்கும் கோணம் ம. சூரியன் அடிவானத்தைத் தொடும்போது சைன் ப சைன் ச + காஸ் ப காஸ் ச காஸ் ம = 0. காஸ் ப காஸ் ச-வால் வகுத்தால் காஸ் ம = −டேன் ப டேன் ச. சென்னையின் அட்சரேகை ஏறக்குறைய 13 டிகிரி. ஜூன் 21 அன்று சூரியன் 23.44 டிகிரி வடக்கில் நிற்கிறது. பெருக்கினால் காஸ் ம = −0.1. கால்குலேட்டரில் தலைகீழ் காஸ் பட்டனை அழுத்துங்கள்: ஏறத்தாழ 95.7 டிகிரி. மணிக்குப் 15 டிகிரி வீதம் 6 மணி 23 நிமிடம்.

கால்குலேட்டர் அத்தோடு நின்றுவிடும். நண்பகலுக்குப் பிறகு 6 மணி 23 நிமிடத்தில் சூரியன் மறைந்தது. எப்போது உதித்தது? தலைகீழ் காஸ் பட்டன் 0 டிகிரிக்கும் 180 டிகிரிக்கும் இடையில் ஒரே ஒரு விடைதான் தரும். அதை மட்டும் நம்பினால் சென்னையில் சூரியன் மறைந்துகொண்டே இருக்கும், உதிக்கவே உதிக்காது. காஸ் சமன்பாட்டின் பொதுத் தீர்வு என்று பதினொன்றாம் வகுப்பில் எழுதுவோமே, 2ந π ± ம என்று; மாணவர்கள் அர்த்தம் புரியாமலே ஒப்பிக்கும் அந்த ± குறியில் பிளஸ் சாயங்காலம், மைனஸ் காலை. 2ந π என்பது நேற்று, இன்று, நாளை. (சூரியன் நிற்கும் கோணம் நாளுக்கு நாள் மெல்ல நகர்வதால் ஒவ்வொரு ந-வுக்கும் ம சிறிது மாறும் என்பது உண்மை.) என்.சி.இ.ஆர்.டி. நூலிலிருந்து போனது இந்தப் பொதுத் தீர்வும்தான். பகல் மொத்தம் 12 மணி 46 நிமிடம் வருகிறது. நாட்காட்டியில் சில நிமிடம் கூடுதலாக இருக்கும். காற்று ஒளியை வளைப்பதும், சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டாக இருப்பதும் அதற்குக் காரணம்.

இதே சமன்பாட்டை நார்வேயின் ட்ரொம்ஸோவுக்கு எடுத்துச் செல்லுங்கள். அட்சரேகை 69½ டிகிரிக்கும் மேல். அதே ஜூன் 21இல் டேன் ப டேன் ச ஒன்றைத் தாண்டிவிடுகிறது. காஸ் எப்படி −1க்குக் கீழே போகும்? போகாது. கால்குலேட்டர் ‘எரர்’ என்று காட்டும். எரர் ஒன்றும் இல்லை, அன்று அங்கே சூரியன் மறைவதில்லை. 3 சைன் அ + 4 காஸ் அ = 6இல் பேனாவை மூடிய மாணவி இதைப் பார்த்ததும் புரிந்துகொள்வாள்; பட்டனை மட்டும் அழுத்தியவன் பேட்டரியைக் கழற்றிப் போடுவான்.

இன்னும் வடக்கே, துருவத்துக்கே போய்விடலாம். அங்கே ப = 90 டிகிரி, காஸ் ப = 0. நாம் எதால் வகுத்தோம்? காஸ் ப காஸ் ச-வால். அந்த வகுத்தல் இங்கே செல்லாது. வகுக்காத மூலச் சமன்பாட்டுக்குத் திரும்பினால், இரண்டாம் உறுப்பு அழிந்து சைன் ச = 0 என்று மட்டும் நிற்கிறது. ம-வே காணோம். நாளின் எந்த நேரம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. சூரியன் பூமத்திய ரேகைக்கு நேரே வரும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் மட்டும் அது அடிவானத்தைத் தொடுகிறது. ஆண்டுக்கு ஓர் உதயம், ஓர் அஸ்தமனம். “வகுக்கும் முன் பூஜ்யமா என்று பார்” என்று வாத்தியார் சொன்னது அவருடைய பிடிவாதம் என்று நினைத்தவர்களுக்குத் துருவத்தில் ஆறு மாதப் பகல் காத்திருக்கிறது. கம்ப்யூட்டர் இதையெல்லாம் சரியாகச் செய்யும். செய்யும்படி நிரலில் எழுதிவைத்த ஆள் ± என்றால் என்ன, எங்கே வகுக்கக் கூடாது என்று தெரிந்தவராக இருந்தால்.

உதவுமா உதவாதா என்ற வாதத்தில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. மளிகைக் கடையில் உதவுவதை மட்டும்தான் படிப்பது என்றால் பள்ளிக்கூடமே வேண்டியதில்லை. கேட்டதற்காக ஒன்று சொல்கிறேன். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ‘உம்ம்’ என்று முனகுகிறதே, அந்த ஒலி நொடிக்கு 100 அதிர்வு. மின்சாரம் வருவதோ நொடிக்கு 50 சுழற்சி. இரட்டிப்பாவது எப்படி? உள்ளேயிருக்கும் இரும்பு, காந்தப்புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்குகிறது. சைன்² அ = (1 − காஸ் 2அ) ÷ 2. கோணம் இரண்டு மடங்காகிறது, அதிர்வும் இரண்டு மடங்காகிறது. உங்கள் தெருவில் ஒரு முற்றொருமை இராப்பகலாகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது, நீங்கள்தான் காதில் வாங்கவில்லை.

கடைசியில் ஒரு தரப்பு மிஞ்சும். “இதெல்லாம் மேதைகளுக்கு, சாதாரணப் பிள்ளைகளுக்கு எதுக்கு?” இவர்கள் வழக்கமாகச் சொல்லும் மேதைக் கதைகளில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1593இல் அட்ரியான் வான் ரூமன் என்ற கணிதர் உலகக் கணிதர்கள் எல்லாருக்கும் ஒரு சவால் விட்டார்: 45ஆம் படிச் சமன்பாடு ஒன்று. 45க − 3795க³ + 95634க⁵ என்று தொடங்கி க⁴⁵ வரை போகும் பூதம். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியிடம் நெதர்லாந்துத் தூதர், இதைத் தீர்க்க உங்கள் நாட்டில் ஆள் இல்லை என்று சொன்னதாகவும், மன்னர் பிரான்சுவா வியேத்தைக் கூப்பிட்டதாகவும், வியேத் பார்த்த மாத்திரத்தில் ஒரு விடையைச் சொல்லி, மறுநாள் இன்னும் 22 விடைகளைக் கொடுத்ததாகவும் கதை. மேதைமைக்குச் சான்றாக இதைச் சொல்வார்கள். வியேத் பார்த்தது என்ன? க = 2 சைன் அ என்று வைத்தால் அந்தப் பூதம் முழுவதும் 2 சைன் 45அ-வின் விரிவு. மும்மடங்குச் சூத்திரத்தை இரண்டு முறையும் ஐம்மடங்குச் சூத்திரத்தை ஒரு முறையும் அடுக்கினால் 45 மடங்கு வந்துவிடும். ஒரு விடையின் கோணம் கிடைத்தால், அடுத்தது 360ஐ 45ஆல் வகுத்த 8 டிகிரி தள்ளி, அதற்கடுத்தது இன்னும் 8 டிகிரி தள்ளி. மொத்தம் 45 விடைகள். நேர்மறையாக இருப்பவை 23. எதிர்மறை விடைகளை வியேத் கணக்கில் எடுக்கவில்லை. முதல் விடைக்குக் கண் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மறுநாளைய 22க்கு வேண்டியது பொதுத் தீர்வு மட்டும்தான். நாம் பதினொன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது, அல்லது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணும் பழகினால் வரக்கூடியதே. க³ − 3க = 1 என்ற எளிய முப்படிச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள். முப்படிச் சமன்பாடுகளுக்கான கார்டானோவின் சூத்திரத்தைப் போட்டால் மைனஸ் எண்ணின் வர்க்கமூலத்தில் போய் மாட்டும். இத்தனைக்கும் அதன் மூன்று மூலங்களுமே மெய்யெண்கள். க = 2 காஸ் அ என்று வைத்தால் இடப்பக்கம் 2 காஸ் 3அ ஆகிவிடுகிறது. காஸ் 3அ = ½. ஆகவே 3அ என்பது 60°, 420°, 780°. அ என்பது 20°, 140°, 260°. மூலங்கள் 1.879, −1.532, −0.347. கூட்டினால் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இதற்கு வேண்டியது ஒரு முற்றொருமை, ஒரு பொதுத் தீர்வு, அரை மணி நேரம். மேதை யாரும் வேண்டியதில்லை.

சுமை குறைக்க வேண்டும் என்றால் குறைக்கலாம். எங்கே கத்தி வைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் சீகன்ட், கோசீகன்ட் எல்லாவற்றையும் ஒரு பின்னத்துக்குள் திணித்து, அதையும் வர்க்கமூலத்துக்குள் போட்டு, ‘நிறுவுக’ என்று கேட்கும் கணக்குகளில் பாதியை எடுத்துவிடுங்கள். அழுவதற்கு ஒரு பிள்ளைகூட இருக்காது. மிஞ்சும் நேரத்தில் சமன்பாடுகளைப் போடச் சொல்லுங்கள். கேள்வித்தாளில் ‘தீர்க்க’ என்று கேட்பதோடு, ‘இந்தச் சமன்பாட்டுக்கு இந்த இடைவெளியில் எத்தனை தீர்வுகள், அதற்கு மேல் ஏன் இல்லை?’ என்றும் ஒரு வரி கேளுங்கள். கோச்சிங் மையத்து அட்டை அன்றைக்கே விலைபோகாது. திருத்துவது கடினம் என்று முதலில் முறையிடப்போவது மாணவர்கள் அல்ல, நாங்கள்தான், ஆசிரியர்கள்.